மிஸ்ஸிக்கு எதுக்கு டாக்டர் பட்டம்?

சென்ற மாதம் எங்கள் தாதியியல் துறையில் கேக் வெட்டினோம். உடன் வேலை செய்யும் விரிவுரையாளர் ஒருவர் முனைவர் பட்டம் முடித்திருந்தார். அவர் ஆய்வு செய்தது இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு வரும் கால் புண்ணைப் பற்றி. சந்தோஷத்தில் படத்தைக் குடும்ப வாட்சாப்பில் போட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் சித்தப்பா கேட்டார்: "மிஸ்ஸி வேலைக்கு எதுக்கும்மா டாக்டர் பட்டம்? இனிமே ஆபரேஷன் பண்ணுவாங்களா?" கூடவே நாலு சிரிப்புப் பொம்மை.

மறுநாள் கிளினிக்கில் இனிப்பு நீர் உள்ள, செந்தூலைச் சேர்ந்த மாமா ஒருவரைப் பார்க்காமல் இருந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு ஒன்பது சுற்று சுற்றியிருக்கிறார். பாதத்தின் முன்பக்கம் முழுக்கக் கொப்புளம். அது உடைந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. தரையில் ஈரத்தடம் பார்த்து அத்தைதான் கண்டுபிடித்தார். அவருடைய கிளினிக் புத்தகத்தைப் புரட்டினால், முந்தைய வருகையிலேயே தாதி ஒருவர் வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்று எழுதி, சொல்லியும் இருக்கிறார். ஏன் கேட்கவில்லை என்றேன். "மிஸ்ஸிதானே சொன்னாங்க. டாக்டர் ஒன்னும் சொல்லலையே."

இந்த ஒரு வாக்கியத்தை இந்த ஆண்டு எத்தனை முறை கேட்டுவிட்டேன்!

அவருடைய மற்ற காலை மாணவி சோதித்தாள். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் மெல்லிய நைலான் இழை. 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும். கண்ணை மூடச் சொல்லி, பட்டால் சொல்லுங்கள் என்றாள். பெருவிரலில் வைத்தாள், இழை வளைந்தது. மாமா காத்துக்கொண்டிருந்தார். அடுத்த இடம், அதற்கும் அடுத்த இடம். "இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?" என்று கேட்டார். பார்த்துக்கொண்டிருந்த அத்தை கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

சித்தப்பாவுக்கும் சேர்த்தே சொல்கிறேன். தாதி என்றால் டாக்டர் சொன்னதைச் செய்யும் எடுபிடி இல்லை. டாக்டருக்கு இடம் கிடைக்காதவர்கள் வந்து சேரும் படிப்பும் இல்லை. மலேசியாவில் 1950ஆம் ஆண்டிலிருந்தே இதற்கென்று சட்டம் இருக்கிறது. பதிவு இல்லாமல் யாரும் தாதியாக வேலை பார்க்க முடியாது. டாக்டர் உங்களைப் பத்து நிமிடம் பார்ப்பார். புண் சிவக்கிறதா, நாறுகிறதா, ஓரம் கறுக்கிறதா என்று நாள் தவறாமல் பார்ப்பது யார்? அதைச் சரியாகப் பார்க்கவும் ஒரு படிப்பு வேண்டும். 2014இல் லான்செட் இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்தது. பட்டம் படித்த தாதியர் 10 விழுக்காடு கூடுதலாக இருந்த இடத்தில், 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு குறைவாக இருந்தது. ஊசி போடுவது மட்டும்தான் வேலை என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

(எங்கள் ஆட்களிடமும் குறை உண்டு. மூச்சு விடாமல் மலாயில் ஒப்பித்துவிட்டு "ஃபஹாம்?" என்று கேட்டால், புரியாதவரும் தலையாட்டத்தான் செய்வார்.)

நம்மவர்கள் இதில் அலட்சியமாக இருக்கவே முடியாது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் வயது வந்த மலேசியர்களில் இனிப்பு நீர் 18.3 விழுக்காடு, இந்தியர்களில் 31.4.

ஆகவே, இனிப்பு நீர் இருந்தால் இன்று இரவே உங்கள் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வையுங்கள், இல்லையென்றால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் இடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள். இனிப்பு நீரால் கால் மரத்துப்போயிருந்தால், உள்ளே ஆணி கிடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. ஆணிக்காலை பிளேடால் சீவாதீர்கள். புண்ணில் மஞ்சளும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். கெட்டியான காலுறை போட்டால் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். வலி இல்லை என்பதைத் தயவுசெய்து நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாமா இப்போது இரண்டு நாளுக்கு ஒருமுறை டிரெஸ்ஸிங்குக்கு வருகிறார். புண் மெல்ல மூடிவருகிறது. போன வாரம் கட்டுப் போடும்போது, எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்த பேத்தி தாதியியல் படிக்க ஆசைப்படுகிறாள் என்றார்.

"எத்தனை வருஷம்மா?"

"டிகிரி நாலு வருஷம், மாமா."

"நாலு வருஷமா? அதுக்கு டாக்டருக்கே படிச்சிடலாமே!"

"அது அஞ்சு வருஷம். காலை ஆட்டாதீங்க."