வண்டலின் மேல் அளந்த ஆழம்

காவிரி டெல்டாவில் ஐப்பசி அடைமழை ஓய்ந்ததும் என்னிடம் வரும் விவசாயிகள் சொல்வது பெரும்பாலும் ஒன்றைத்தான்: வடிகாலில் தண்ணீர் இறங்கவில்லை, பயிர் அழுகிவிட்டது. நேரில் போய்ப் பார்த்தால் வாய்க்காலின் குறுக்கே குடிநீர்க் குழாயோ மின்சாரப் புதைவடமோ கிடக்கும். அதில் ஆகாயத்தாமரை சிக்கி, கரைக்குக் கரை அடைத்து நிற்கும்.

அப்படி ஒரு வழக்கில் ஒப்பந்ததாரர், அனுமதி வாங்கி ஒரு மீட்டர் ஆழத்தில் குழாய் பதித்ததாகச் சொன்னார். பொய் இல்லை. ஆனால் பல ஆண்டுகள் தூர் வாராமல் மேடிட்டுக் கிடந்த வண்டலின் மேல்மட்டத்திலிருந்து அந்த ஒரு மீட்டரை அளந்திருந்தார்கள். பின்னால் தூர் வாரியபோது பொக்லைன் வண்டலை அள்ள, குழாய் நீரோட்டத்தின் நடுவில் அந்தரமாய் நின்றது. வாய்க்காலின் உண்மையான அடிமட்டத்திலிருந்து ஆழத்தைக் கணக்கிட்டிருந்தால் அந்த ஊரின் சம்பாப் பயிர் தப்பியிருக்கும். நெஞ்சு பொறுக்காத விஷயம் இது.

ஆகவே இத்தகைய வழக்கில் நான் முதலில் கேட்பது, குறுக்கே கடக்க வழங்கிய அனுமதி உத்தரவை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். நான் படித்த உத்தரவுகள் பலவற்றில், நீரோட்டம் தடைபட்டால் பதித்தவரே சொந்தச் செலவில் இறக்கிப் பதிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. ஊரில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

மின்தடம் என்றால் மின்சாரச் சட்டம் 2003-இன் 67-ஆம் பிரிவைப் பாருங்கள். அந்தப் பிரிவின் கீழ்ப் பணி செய்யும் உரிமதாரர், அதாவது உரிமம் பெற்ற மின் நிறுவனம், இயன்றவரை குறைந்த சேதத்தோடு செய்ய வேண்டும். தாமோ தம்மிடம் வேலை செய்பவரோ ஏற்படுத்திய சேதத்துக்கு முழு இழப்பீடு தர வேண்டும். 'ஒப்பந்ததாரரைப் போய்க் கேளுங்கள்' என்று அலுவலகத்தில் கைகாட்டினால் ஏற்காதீர்கள்.

உயிர் போனால் பொறுப்பு இன்னும் கடுமையானது. மத்தியப் பிரதேசத்தில் மழைநீர் தேங்கிய சாலையில் கிடந்த மின்கம்பியால் சைக்கிளில் வந்தவர் இறந்தார். வேறொருவர் மின்சாரம் திருடப் போட்ட கம்பி அது என்று அம்மாநில மின்வாரியம் வாதாடியது. 2002-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல், கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் வாரியமே பொறுப்பு என்றது.

நம் பக்கத்திலும் கடமை உண்டு. எரிவாயுக் குழாய்க்காக 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உபயோக உரிமை (நிலம் உரிமையாளரிடமே இருக்க, குழாய் பதிக்கும் உரிமை மட்டும்) எடுக்கப்பட்ட நிலத்தில் உழலாம், விதைக்கலாம். கட்டடம் எழுப்பவோ, குளமோ கிணறோ வெட்டவோ, மரம் நடவோ கூடாது. அந்த நிலப்பட்டையில் வடிகால் வெட்ட நினைத்தால், பொக்லைனை இறக்கும் முன் குழாய் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, ஆழத்தைக் குறித்துக் காட்டச் சொல்லுங்கள்.

காலக்கெடுவையும் மறவாதீர்கள். அரசின்மீது வழக்குத் தொடுக்கும் முன் பொதுவாக இரண்டு மாத அறிவிப்பு வேண்டும். சட்டம் தந்த அதிகாரத்தின் பேரில் செய்த செயலுக்கு இழப்பீடு கேட்க, காலவரையறைச் சட்ட அட்டவணையின் 72-ஆம் இனம் (Article 72) ஓராண்டே தருகிறது. தண்ணீர் வயலில் நிற்கும்போதே தேதி தெரியும்படி படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அடுத்த போகம் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்து, ஓராண்டு கடந்தபின் என்னிடம் வந்தவர்கள் உண்டு.