அனமார்ஃபிக்: அகல ஒடுக்கம்

கிரேக்கத்தில் ‘அனா’ என்றால் மீண்டும், ‘மார்ஃபே’ என்றால் உருவம். நேராகப் பார்த்தால் கோணலாகவும், உருளைக் கண்ணாடியில் பார்த்தால் சரியாகவும் தெரியும் ஓவியங்களைக் குறிக்க 17ஆம் நூற்றாண்டில் புழங்கிய ‘அனமார்ஃபோசிஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்ததுதான் ‘அனமார்ஃபிக்’.

சினிமாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் பிரான்சின் ஆன்ரி கிரெத்தியேன். 1920களில் அவர் உருவாக்கிய லென்ஸ், காட்சியின் அகலத்தை மட்டும் பாதியாக நெருக்கிப் படச்சுருளில் பதித்தது. புரொஜெக்டர் லென்ஸ் அதை மீண்டும் இருமடங்கு விரிக்கும். ஃபாக்ஸ் நிறுவனம் 1953இல் இதையே ‘சினிமாஸ்கோப்’ ஆக்கியது. நம் தியேட்டர்களில் ‘ஸ்கோப்’ என்பது இதுதான். தமிழின் முதல் ஸ்கோப் படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’.

டிவிடி உறையிலும் இதே சொல் இருக்கும், ஆனால் பொருள் வேறு. ராபர்ட் ஜெமெக்கிஸ் இயக்கிய ‘ரொமான்சிங் த ஸ்டோன்’ (1984) படத்தைப் பாருங்கள். கொலம்பியக் காட்டில் மரகதம் தேடும் காதல் நகைச்சுவை. ஒளிப்பதிவு டீன் கண்டி, திரை விகிதம் (அகலம்:உயரம்) 2.39:1. நாவலாசிரியை ஜோன் வைல்டரும் ஜாக் கோல்ட்டனும் சட்டகத்தின் இரு ஓரங்களில் நின்று சண்டை போட்டால், ஒருவர் பேசும்போது மற்றவர் முகம் போகும் போக்கில்தான் சிரிப்பு. பழைய 4:3 டிவிக்காக ஓரங்களை வெட்டினால் அகலத்தில் சுமார் 44% போய்விடும். இரு முகங்களில் ஒன்றைத்தான் காட்ட முடியும். இந்த வகைப் படத்துக்கு அதைவிடக் கேடு இல்லை.

வெட்டாமல் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைப்பது லெட்டர்பாக்ஸ். அமெரிக்க டிவிடியின் படத்தை உருவாக்கும் 480 கிடைவரிகளில் அப்போது சுமார் 268 மட்டுமே படத்துக்கு, மிச்சமெல்லாம் கறுப்பு. அனமார்ஃபிக் டிவிடி, அகல டிவிக்கான 16:9 சட்டகத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிப்பதால் சுமார் 357 வரிகள் கிடைக்கும். தலைமுடி, இலை, மழைச்சேறு எல்லாம் தெளிவது இதனால்தான். உறையில் ‘வைட்ஸ்க்ரீன்’ என்று மட்டும் இருந்தால் நம்ப வேண்டாம். ‘16:9’ அல்லது ‘அனமார்ஃபிக்’ என்று இருக்கிறதா பாருங்கள்.

தமிழில் சிலர் ‘உருத்திரிபு’ என்கிறார்கள். திரிபு என்றால் பழுது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இங்கே நெருக்குவதே விரிப்பதற்காக. ‘அகல ஒடுக்கம்’ பொருந்தும்: லென்ஸுக்கு ‘அகல ஒடுக்கு வில்லை’, டிவிடிக்கு ‘அகல ஒடுக்கப் பதிவு’.

பிளேயரின் செட்டப்பில் ‘டிவி வடிவம்’ 4:3 லெட்டர்பாக்ஸ் என்றே கிடந்தால், நல்ல டிவிடியையும் பிளேயரே 268 வரியாகச் சுருக்கி அனுப்பும். அகல டிவி அதை இழுத்து நிரப்ப, ஆட்கள் குண்டாகத் தெரிவார்கள். டிவியில் ‘ஜூம்’ போட்டால் உருவம் சரியாகும். தொலைந்த கால் பங்கு வரிகள் திரும்பாது. செட்டப்பை 16:9க்கு மாற்றுவதுதான் வழி. மாற்றியபின் வண்டிச் சக்கரம் வரும் காட்சியில் நிறுத்தி, வட்டம் வட்டமாக இருக்கிறதா பாருங்கள். 1920×1080 ப்ளூ-ரேயில் சட்டகமே 16:9 என்பதால் இந்த ஒடுக்கம் தேவையில்லை, அங்கே 2.39 படத்துக்குச் சுமார் 803 வரிகள்.