பிள்ள நல்லாத்தானே இருக்கு, காலுல எதுக்கு ஊசி?

"பிள்ள நல்லாத்தானே பால் குடிக்கி, மூணு நாள்கூட ஆவல, அதுக்குள்ள காலுல எதுக்கு டாக்டரம்மா குத்துதீய?" பாளையங்கோட்டைல பிரசவ வார்டுக்கு ரவுண்ட்ஸ் போனா ஏதாவது ஒரு ஆச்சி இதக் கேக்காம விட மாட்டாவ. கேக்கது நியாயந்தான், ஆனா நாங்க அந்த ரத்தத்துல தேடுதது பொறந்தப்போ வெளிய தெரியாத நோய்ங்க.

பொறவிலயே தைராய்டு சரியா வேல செய்யாத பிள்ளைங்க நம்ம நாட்டுல சுமாரா ஆயிரத்துல ஒண்ணு. மொத சில வாரம் ஒண்ணும் தெரியாது, அம்மாட்ட இருந்து வந்த ஹார்மோன் கொஞ்சம் இருக்கும்லா. பெறவு மலச்சிக்கல், ரெண்டு வாரம் தாண்டியும் போவாத மஞ்சக்காமால, எந்நேரமும் தூக்கம். வீட்டுல என்னன்னா "சமத்துப் பிள்ள, அழவே மாட்டேங்கு"ன்னு பெருமையா சொல்லிட்டு இருப்பாவ. மூள வளருத நேரத்துல ஹார்மோன் இல்லாம போச்சுன்னா பெறவு மாத்திர குடுத்தாலும் போனது முழுசா வராது, ரெண்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சிட்டா மத்த பிள்ளைங்க மாதிரியே படிச்சு வந்துரும். சின்ன மாத்திர, விலையும் கம்மி, பொடிச்சு ஸ்பூன்ல தாய்ப்பால்ல கரைச்சு குடுக்கணும், அயர்ன் கால்சியம் சொட்டு மருந்தோட சேத்து குடுக்கக் கூடாது, அவ்ளோதான்.

தைராய்டு சரியா இருக்கான்னு காட்டுத டி.எஸ்.எச். ஹார்மோன், பொறந்த உடனே எல்லாப் பிள்ளைக்கும் எகிறும், அதனாலதான் 48 மணி நேரம் தாண்டி, 72 மணிக்குள்ள எடுக்கோம். குதிகால் ஓரத்துல குத்தி, மொத சொட்டத் தொடச்சிட்டு, அட்டைல இருக்க வட்டத்துல ரத்தம் பின்பக்கம் வரைக்கும் ஊறணும், வெயில்ல வைக்காம நிழல்ல காய வைக்கணும். அதே ரத்தத்துல ஜி6பிடி குறைபாடும், அதாவது ரத்த அணுவக் காக்குத ஒரு என்சைம் கம்மியா இருக்கான்னும் பாக்கலாம். அது இருக்க பிள்ளைக்கு அந்துருண்ட ஆகாது, பீரோல அந்துருண்ட போட்டு வச்ச பழைய சேலைய எடுத்து அப்படியே பிள்ளைய சுத்துனா ரத்த அணு உடைஞ்சு மஞ்சக்காமால ஏறிரும். அத்த மவன் மாமன் மவள்னு சொந்தத்துல கட்டினவங்க மறக்காம டாக்டர்ட்ட சொல்லிருங்க, சில பரம்பரை நோய் அதுல கூடுதல்.

காது டெஸ்ட் ஒரு மாசத்துக்குள்ள, குறை இருக்கான்னு மூணு மாசத்துல உறுதி, ஆறு மாசத்துக்குள்ள சிகிச்ச. கையத் தட்டிப் பாத்தேன் திரும்புச்சுன்னு சொல்லாதீய, அது டெஸ்ட்டே கெடையாது. இதய டெஸ்ட் வெறும் கிளிப்தான், கைலயும் கால்லயும் மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் 95 சதவீதமாவது இருக்கான்னு பாப்போம். குறமாசத்துப் பிள்ளைக்கு கண்ணு டெஸ்ட் 30 நாளுக்குள்ள கட்டாயம்.

இதுல எங்களுக்கு பெரிய தலவலியே ரிசல்ட் வந்த பெறவுதான். மறுபடி ரத்தம் குடுக்க வாங்கன்னு போன் அடிச்சா, அந்த நம்பர் துபாய்லயோ திருப்பூர்லயோ இருக்க அப்பாவோடதா இருக்கும், தாயும் பிள்ளையும் அம்பாசமுத்திரம் பக்கம் ஆத்தா வீட்டுக்குப் போயிருப்பாவ. திரும்பக் கூப்பிட்டா பயப்பட வேண்டாம், முக்காவாசி பேருக்கு ரெண்டாவது தடவ நார்மலாதான் வரும், ஆனா வந்து பாக்காம தெரியாதுல்லா. அதனால ஆஸ்பத்திரில ஃபாரம் எழுதும்போது பிள்ள எந்த வீட்டுல இருக்கப் போவுதோ அந்த வீட்டு நம்பரையும் சேத்து எழுதிக் குடுங்க.