சிவப்பு மீனா, போக்குக்காட்டியா?

துப்பறியும் கதையில் குற்றத்துக்குச் சம்பந்தமில்லாமல் நம் சந்தேகத்தை வேறு பக்கம் இழுத்துப்போகும் ஆளையோ பொருளையோ ஆங்கிலத்தில் ‘ரெட் ஹெர்ரிங்’ என்பார்கள். துப்பறியும் நாவல்களுக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள் அதைச் ‘சிவப்பு ஹெர்ரிங்’ என்று எழுதும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கிறேன். போன வாரம் படித்த மொழிபெயர்ப்பில் அதுவும் தாண்டிவிட்டது. தோட்டக்காரன் ஒரு சிவப்பு மீன் என்கிறார் இன்ஸ்பெக்டர். உதவியாளரும் தலையாட்டுகிறார். நான்தான் அந்த ஆள் எப்போது தண்ணீரில் விழுந்தான் என்று நாலு பக்கம் பின்னால் புரட்டித் தேடினேன்.

ஹெர்ரிங் வட அட்லாண்டிக் கடல் மீன். உப்பில் ஊறவைத்து நன்றாகப் புகை காட்டினால் செம்பழுப்பாகிவிடும், வாடை குப்பென்று தூக்கும். முயலைத் துரத்திய வேட்டை நாய்களை இதை இழுத்துப்போய் ஏமாற்றியதாக வில்லியம் காபெட் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் 1807-இல் எழுதினார். நெப்போலியன் தோற்றுவிட்டான் என்ற பொய்ச்செய்தியின் பின்னால் ஓடிய பத்திரிகைகளைக் குத்திக்காட்டுவதற்காக எழுதியது அது. உவமை அங்கிருந்துதான் பரவியது. ஆக, அது மீன்கூட இல்லை, ஒருவகைக் கருவாடு. சரி, அதை விடுங்கள்.

மீனைக் கைவிட்டவர்கள் பிடித்துக்கொண்டிருப்பது ‘பொய்த்தடயம்’. தமிழாக இருக்கிறது, காதுக்கும் நன்றாக இருக்கிறது. பொருள்தான் தப்பு.

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளிலேயே இரண்டையும் பார்க்கலாம். 1887-இல் வந்த முதல் நாவலில், பிணம் கிடக்கும் அறையின் சுவரில் ரத்தத்தால் ஒரு ஜெர்மன் சொல் எழுதியிருக்கும். ‘பழி’ என்று பொருள். போலீசை ஏய்க்கக் கொலைகாரனே எழுதியது. பொய்த்தடயம் என்றால் இதுதான். பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதையில் வருவது வேறு. நள்ளிரவில் வேலைக்காரர் பாரிமோர் மெழுகுவத்தியோடு ஜன்னலருகே நின்று வெளியே சதுப்பு நிலத்தைப் பார்க்கிறார். நமக்குத் தூக்கிவாரிப் போடும். (நூறு வருடம் தாண்டிய கதை, குட்டை உடைத்தால் பாவமில்லை.) சிறையிலிருந்து தப்பி அங்கே பதுங்கியிருக்கும் மைத்துனனுக்கு அவர் காட்டும் சைகை அது. மெழுகுவத்தி உண்மை, சைகை உண்மை, பாரிமோரின் திருட்டுமுழியும் உண்மை. கொலைக்கு மட்டும் சம்பந்தமில்லை. இதில் எது பொய், எது தடயம்?

இன்னொரு இடறலும் உண்டு. தடயம் என்பது விட்டுச்சென்ற அடையாளம்: காலடி, கைரேகை, கறை. ஆளைத் தடயம் என்று சொல்வோமா? டோரதி சேயர்ஸ் 1931-இல் எழுதிய நாவலில் சந்தேகத்துக்குரிய ஓவியர்கள் ஆறு பேர். கொலையாளி ஒருவர், மற்ற ஐவரும் நம்மை அலைக்கழிக்கத்தான். அந்த ஐவரையும் ‘ஐந்து பொய்த்தடயங்கள்’ என்று எழுதிப் பாருங்கள், கைரேகை நிபுணரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

‘திசைதிருப்பி’யில் பொருள் பிழையில்லை. ஆனால் வண்டியில் கழன்று விழுந்த பாகம் மாதிரி ஒலிக்கிறது. அதைவிட, நம் பேச்சிலேயே ஒன்று இருக்கிறது: போக்குக் காட்டுவது. போலீசுக்குப் போக்குக் காட்டிய திருடன், வனத்துறைக்குப் போக்குக் காட்டிய சிறுத்தை என்று செய்தித்தாளில் படிக்காத ஆள் உண்டா? இதோ பிடித்துவிட்டோம் என்று நினைக்கவைத்து அலையவிடுவதுதான் அதன் பொருள். வழிகாட்டி, கைகாட்டி வரிசையில் ‘போக்குக்காட்டி’ என்று வைத்தால் ஆளுக்கும் பொருந்தும், மெழுகுவத்திக்கும் பொருந்தும். போக்குக் காட்டுகிறவர் கொலைகாரர் அல்ல, கதாசிரியர் என்பதும் தெரியும். புதுச்சொல்லா என்றால் பாதிதான் புதுசு.

தனித்தமிழ் வெறி எனக்கில்லை. இன்ஸ்பெக்டரை இன்ஸ்பெக்டர் என்றுதான் எழுதுகிறேன், சஸ்பென்சும் இருந்துவிட்டுப் போகட்டும். அகராதியை ஒரு பக்கமும் நாவலை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதுதான் எரிச்சல். அதே மொழிபெயர்ப்பில் எட்டாம் அத்தியாயத்தில் ‘குளிர் வழக்கு’ வருகிறது. கிடப்பில் போட்ட வழக்கு என்று எந்த டீக்கடையில் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். மறுக்கமுடியாத ஆதாரத்தைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரும் ‘புகையும் துப்பாக்கி’யாக வந்துவிட்டது. அந்தக் கொலை நடந்ததோ விஷத்தால். இன்னும் பன்னிரண்டு அத்தியாயம் பாக்கி, கையில் பென்சிலோடுதான் படித்துக்கொண்டிருக்கிறேன்.