ஒளி பறிக்கும் எலக்ட்ரான்: மேரி ஆன் ஃபாக்ஸின் வேதியியல்

வெயில் பட்டால் தானே அழுக்கு நீக்கிக்கொள்ளும் கண்ணாடி உண்மையிலேயே உண்டா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். உண்டு. அதன் மேல் டைட்டானியம் டைஆக்சைடு மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கும். பெயின்டுக்கு வெள்ளை நிறம் தருவதும் இதே பொருள்தான். இதன் மேல் ஒளி விழும்போது கரிமச் சேர்மங்களுக்கு, அதாவது கார்பன் அடங்கிய சேர்மங்களுக்கு, என்ன ஆகிறது என்று துருவி ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க வேதியியலாளர் மேரி ஆன் ஃபாக்ஸ். 1947-இல் ஒஹையோ மாநிலத்தின் கேன்டனில் பிறந்து, 1974-இல் டார்ட்மத் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்று, 1976-இல் ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தவர்.

சரி, விஷயத்துக்கு வருவோம். டைட்டானியம் டைஆக்சைடு ஒரு குறைக்கடத்தி, அதாவது உலோகம் போல மின்சாரத்தை எளிதில் கடத்தாத, ஆனால் ஆற்றல் கொடுத்தால் கடத்தக்கூடிய பொருள். எலக்ட்ரான்கள் நிறைந்த ஆற்றல் பட்டைக்கும் மேலே காலியாக இருக்கும் பட்டைக்கும் நடுவே சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) இடைவெளி. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அதைத் தாண்டவைக்கும் வலு போதாது, புறஊதா வேண்டும். அது விழுந்ததும் ஓர் எலக்ட்ரான் மேலே தாவும். அது விட்டுப்போன இடம் நேர்மின்னூட்டமுள்ள துளையாகிறது. பெரும்பாலும் இரண்டும் மறுபடி சேர்ந்து, வாங்கிய ஆற்றல் வெப்பமாக வீணாகிவிடும். ஆனால் துளை மேற்பரப்பை எட்டும் நேரத்தில் அங்கே ஒரு கரிம மூலக்கூறு ஒட்டியிருந்தால், அதனிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். மேலே தாவிய எலக்ட்ரானைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும். அப்படி வாங்க ஆளில்லாவிட்டால் எலக்ட்ரான்கள் தேங்கி, துளைகளோடு சேர்ந்து, வேலையே நின்றுவிடும். எலக்ட்ரானைப் பறிகொடுத்த மூலக்கூறோ படிப்படியாகச் சிதைந்து கார்பன் டைஆக்சைடும் நீருமாகிறது. இவ்வளவும் நடந்த பிறகு டைட்டானியம் டைஆக்சைடு அப்படியே இருக்கிறது! இத்தனைக்கும் ஒளி அந்த அழுக்கு மூலக்கூறை நேரடியாகத் தாக்கவே தேவையில்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத வேதியியல் இது.

ஃபாக்ஸ் சிதைவதை மட்டும் பார்க்கவில்லை. ஓலிஃபின்களின் (இரு கார்பன் அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புள்ள சேர்மங்கள்) இரட்டைப் பிணைப்பை இதே வழியில் வெட்டி, கார்பனைல் சேர்மங்களாக (கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்தவை) மாற்றும் வினையை 1981-இல் விளக்கினார். முழுதும் எரிந்துபோகாமல், வேண்டிய இடத்தில் வினையை நிறுத்த முடியும் என்றால் அது அழிக்கும் வழி மட்டுமல்ல, ஆக்கும் வழியும்கூட.

அப்புறம் நிர்வாகம். 1994-இல் டெக்சஸில் ஆராய்ச்சிக்கான துணைத் தலைவர். 1998-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சான்சலர் (நம் ஊர் துணைவேந்தர் போல, பல்கலைக்கழகத்தை நடத்துபவர்), அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். 2004 முதல் 2012 வரை சான்டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்சலர். ஆய்வகத்தில் வருடக்கணக்கில் நின்றவர்கள் இத்தகைய நாற்காலிகளில் உட்கார வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பலன் எப்போது வரும் என்று சொல்ல முடியாத ஆய்வுக்கும் பணம் ஒதுக்கியாக வேண்டும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். சான்டியாகோவில் பொறுப்பில் இருந்தபோதே, 2010-இல், அதிபர் ஒபாமா கையால் தேசிய அறிவியல் பதக்கம் பெற்றார் ஃபாக்ஸ். கரிம ஒளிவேதியியலிலும் மின்வேதியியலிலும் செய்த ஆய்வுகளுக்காக அது தரப்பட்டது.