உங்கள் பழைய எழுத்து கெட்டுப்போகவில்லை, தயவுசெய்து அழிக்காதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என் மேசையில் ஒரு சிடியை வைத்தார். வயது 73. 1999 முதல் 2005 வரை வீட்டுக் கணினியில் தாமே தட்டச்சு செய்த கட்டுரைகள் மொத்தம் 41. ஊர்க் கோயில், நெசவுத் தெரு, தம்மிடம் படித்த பிள்ளைகள் என்று பலவற்றைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஒரு நண்பர் கேட்டதற்காக எப்போதோ பதிந்து கொடுத்து, திரும்பி வந்த சிடி அது. அதில் 9 கட்டுரைகள்தான் இருந்தன.

"மற்றவை எங்கே ஐயா?" என்று கேட்டேன்.

"மடிக்கணினியில் இருந்தன தம்பி. திறந்தால் ஒரே இங்கிலீஷ் எழுத்தாக வந்தது. வைரஸ் தாக்கிவிட்டது என்று பேரன் சொன்னான். நானும் நம்பி எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்."

இந்த ஆண்டில் என்னிடம் வந்தவர்களில் இப்படிச் சொன்ன ஐந்தாவது ஆள் இவர். பழைய தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு, அதாவது இன்றைய கணினிகளும் கைபேசிகளும் பொதுவாகப் பயன்படுத்தும் எழுத்து முறைக்கு, மாற்றி மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. கோப்பு சிதைந்து வந்தால் எனக்கு வருத்தம்தான், கோபம் வருவதில்லை. நன்றாக இருந்த கோப்பைக் கெட்டுப்போனது என்று சொல்லி அழித்துவிட்டு வருகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவர் கண் முன்னாலேயே ஒரு கோப்பைத் திறந்தேன். முதல் சொல்லாக எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச் என்று ஆங்கில எழுத்துகள் வரிசையாக நின்றன. இந்தத் தொழிலில் சில வருடம் இருந்தவர்களுக்கு இதை வாசிக்க ஃபாண்ட் தேவையில்லை. அது 'அம்மா'. பாமினி எழுத்துருவைத் தேர்ந்தெடுத்ததும் பக்கம் முழுவதும் தமிழானது. பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பத்தியை வாய்விட்டுப் படித்தார். பிறகு, "அந்த 32-ம் இப்படித்தான் இருந்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உண்மை அதுதான்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். கணினிக்குள் 'அ' என்ற வடிவம் சேமிக்கப்படுவதில்லை, ஓர் எண்தான் சேமிக்கப்படுகிறது. யூனிகோடில் தமிழுக்குத் தனி எண்கள் 1991-லேயே ஒதுக்கப்பட்டுவிட்டன. ஆனால் விண்டோஸ் 2000-க்கு முன்பு சாதாரண வீட்டுக் கணினியில் அவற்றைப் பயன்படுத்த வழியில்லை. அதனால் எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை உட்கார வைத்தார்கள். பாமினியில் சின்ன எம் இருக்கும் இடத்தில் 'அ', பெரிய எம் இருக்கும் இடத்தில் 'ஆ'. அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் கண்ணுக்குத் தமிழ் தெரியும். இல்லையென்றால் அந்த எண்ணுக்கு உரிய ஆங்கில எழுத்து தெரியும். அவ்வளவுதான் நடந்தது. கோப்பில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. மாறியது உங்கள் கணினி. புதுக் கணினி வாங்கினீர்கள், அதில் அந்தப் பழைய எழுத்துரு இல்லை.

"என் கணினியில் தமிழ் எழுத்துரு இருக்கிறதே, லதாவைத் தேர்ந்தெடுத்தும் அப்படியே இருக்கிறதே" என்று அடுத்ததாகக் கேட்பார்கள். லதா யூனிகோடு எழுத்துரு. பாமினியில் அடித்ததை அதனால் தமிழாகக் காட்ட முடியாது. ஏதாவது ஒரு தமிழ் எழுத்துரு இருந்தால் போதாது, எதில் தட்டச்சு செய்தீர்களோ அதே முறையில் அமைந்த எழுத்துரு வேண்டும். அந்தக் காலத்தில் ஒன்றா இரண்டா? பாமினி, திஸ்கி, 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப், இவை போக ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு தனி முறை. 2010 ஜூனில்தான் தமிழக அரசு யூனிகோடையும், டேஸ் 16 என்ற இன்னொரு தமிழ் எழுத்து முறையையும் அரசுத் தரமாக அறிவித்தது. அதற்கு முன் எழுதியவர்கள் பலருடைய கோப்புகளில் ஒரு பகுதியாவது இப்படித்தான் இருக்கும். பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருவதற்காக 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் ஆரம்பகால மின்னூல்களும் யூனிகோடில் பிறந்தவை அல்ல. பொறுமையாக மாற்றினார்கள், இன்று எல்லோரும் படிக்கிறோம்.

பார்த்தவுடன் அடையாளம் காணவும் வழி உண்டு. ஆங்கில எழுத்துகளும், சொற்களின் நடுவிலும் முடிவிலும் அடிக்கடி அரைப்புள்ளியும் வந்தால் பெரும்பாலும் பாமினி. முக்கால் என்ற பின்னக் குறியும், செண்ட் நாணயக் குறியும், தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளும் கலந்து வந்தால் திஸ்கியாக இருக்கலாம். திஸ்கியில் 'தமிழ்' என்ற சொல்லே அந்த முக்கால் குறியில்தான் தொடங்கும். அந்தக் காலத்தில் எடுத்த அச்சுப்படி ஒரே ஒரு பக்கம் கிடைத்தாலும் கொண்டுவாருங்கள். கோப்பையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெயர் தெரியாத எழுத்துருவைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம்.

உண்மையில் கோப்பு கெடுவது எப்போது தெரியுமா? நீங்கள் அதைச் சரிசெய்யப் புகும்போது. சித்திரையில் ஒரு பெண்மணி தம் அண்ணன் எழுதிய கவிதைகளைக் கொண்டுவந்தார். திஸ்கியில் சேமித்த வெறும் உரைக் கோப்பு. அதைக் கைபேசியில் திறந்திருக்கிறார்கள். கைபேசி அதை யூனிகோடு என்று எடுத்துக்கொண்டு, புரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறியைக் காட்டியிருக்கிறது. திறந்ததோடு மூடியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஓர் இடைவெளியைத் தட்டிச் சேமித்துவிட்டார்கள். அதன் பிறகு 'க'வும் 'ம'வும் 'ழ'வும் ஒரே கேள்விக்குறி. அதை யாராலும் திருப்ப முடியாது. என்னாலும் முடியவில்லை. அண்ணன் உயிரோடு இல்லை.

ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன், மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். முதலில் பிரதி எடுங்கள், எதைச் செய்வதானாலும் பிரதியில் செய்யுங்கள். வேர்டு கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து ஒரே எழுத்துருவுக்கு மாற்றிச் சேமிக்காதீர்கள். எது தமிழ், எது ஆங்கிலம் என்று எங்களுக்குச் சொல்வதே அதில் பதிந்திருக்கும் எழுத்துருப் பெயர்தான். அது போய்விட்டால் மின்னஞ்சலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'நுஅயடை' என்றும், இணைய முகவரி 'றறற' என்றும் வந்து நிற்கும். இப்படி அச்சாகிப் போன புத்தகங்களையே பார்த்திருக்கிறேன். பழைய பாமினிக் கோப்பில் புதிதாக ஏதாவது தட்டச்சு செய்யவும் வேண்டாம். வாக்கியத்தின் முதல் எழுத்தை வேர்டு தானாகப் பெரிய எழுத்தாக்கும், 'அ' என்று அடித்தது 'ஆ' என்று மாறி நிற்கும்.

இணையத்தில் இலவச எழுத்துரு மாற்றிகள் நிறைய இருக்கின்றன, நல்லவை. ஆனால் ஒரு பத்தியை மட்டும் முதலில் போட்டுப் பாருங்கள். மாறி வந்ததை மெய்ப்புப் பார்க்காமல் விடாதீர்கள். பாமினி போன்ற பழைய முறைகளில் ஔகாரக் குறியின் பின்பகுதியும் 'ள' என்ற எழுத்தும் ஒன்றே. மாற்றி குழம்பினால் 'வெளி' என்பது 'வௌி' ஆகும், 'தெளிவு' என்பது 'தௌிவு' ஆகும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஆனால் பின்னாளில் 'வெளியீடு' என்று தேடினால் அந்தப் பக்கம் அகப்படாது. எழுத்தை மீட்டும் அதைத் தேடி எடுக்க முடியாமல் போவது எவ்வளவு பெரிய வீண்!

பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் சிற்றிதழ் நடத்தியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்த மென்பொருள் 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைன் மென்பொருளின் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் அந்தக் கோப்புகளைத் திறந்தன, பின்னால் வந்தவை திறப்பதில்லை. அந்தப் பழைய பதிப்பு ஓடும் கணினி எந்த அச்சகத்திலாவது இருக்கும்போதே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போடும் முன் அதிலிருக்கும் ஃபாண்ட்ஸ் கோப்புறையை ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். ஐந்து நிமிட வேலை.

பெரியவரின் 9 கட்டுரைகளும் மாற்றி முடிந்தன. வியாழக்கிழமை அவற்றை வாங்க வந்தபோது, அந்த முதல் வீட்டுக் கணினி என்ன ஆயிற்று என்று கேட்டேன். கும்பகோணத்தில் மைத்துனர் வீட்டுக்குக் கொடுத்ததாகவும், அது ஓடாமல் போய்ப் பரணில் கிடப்பதாகவும் சொன்னார். ஹார்டு டிஸ்கை யாரும் வழித்தெடுக்கவில்லை என்றால் 41-ம் அதில் இருக்க வாய்ப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை போகிறார். யாரும் மின்சாரம் கொடுத்துப் பார்க்க வேண்டாம், பெட்டியைத் திறக்கவும் வேண்டாம், துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே கொண்டுவாருங்கள் என்று அவரிடமும் சொன்னேன், கூட வந்த பேரனிடமும் சொன்னேன்.