நீர் நிற்கும் நேரம்: நார்வே கரையோரப் படகுப் பயணத்தின் கணக்கு

நார்வேயின் மேற்குக் கரையை ஒட்டிக் கோடையில் வடக்கே செல்லத் திட்டமிடுகிறவர் முதலில் தூரத்தைத்தான் அளப்பார். வட அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டத்தால் அக்கரைக் கடல் உறைவதில்லை. ஆயிரக்கணக்கான தீவுகளும் பாறைத்திட்டுகளும் திறந்த கடலின் அலைகளைத் தடுத்துவிடுவதால், பெரும்பாலான வழி அவற்றின் உட்புறமாகவே செல்கிறது. அந்த மறைப்பு இல்லாத இடங்களில் ஒன்று ஸ்டாட் முனை. அங்கே நல்ல வானிலை வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வட நார்வேயின் போடோ நகருக்கு அருகிலுள்ள சால்ட்ஸ்ட்ரௌமென் நீரிணையின் சிக்கல் வேறு. சுமார் 3 கிலோமீட்டர் நீளமும் 150 மீட்டர் அகலமும் கொண்ட இந்த வாயில், வெளிக்கடலை ஷெர்ஸ்டாட் ஃபியோர்டுடன் (நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல் நீட்சியுடன்) இணைக்கிறது. இதன் வழியே ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 40 கோடி கன மீட்டர் அளவு நீர் பாய்ந்து, பிறகு எதிர்த்திசையில் திரும்புகிறது. நீரோட்டத்தின் வேகம் 8 நாட் (மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர்) அளவையும் தாண்டும். 5 நாட் வேகத்தில் செல்லும் பாய்மரப் படகு அதை எதிர்த்தால், எஞ்சின் முழு விசையில் ஓடினாலும் பின்னுக்குத்தான் போகும்.

ஏற்றவற்ற அட்டவணையில் போடோவின் உச்ச ஏற்ற நேரத்தைப் பார்த்து, அப்போது நீரிணையில் நீர் அசையாமல் நிற்கும் என்று கணக்கிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. வாயில் குறுகலாக இருப்பதால், வெளியே கடல்மட்டம் உயரும் வேகத்துக்கு உள்ளே ஃபியோர்டு நிரம்ப முடிவதில்லை. வெளியே உச்சத்தை எட்டும் வேளையிலும் உள்மட்டம் தாழ்ந்தே இருக்கும். ஆகவே நீர் உள்ளே பாய்ந்துகொண்டே இருக்கும். வெளிமட்டம் இறங்கத் தொடங்கி, இரண்டும் சமமாகும்போதுதான் ஓட்டம் நிற்கும். நீரோட்டத்தை நகர்த்துவது மட்டங்களின் வேறுபாடே அன்றி, மட்டத்தின் உயரம் அன்று. இதனால்தான் நீரிணைக்கெனத் தனி அட்டவணை தேவைப்படுகிறது.

ஓட்டம் வலுத்திருக்கும்போது நீரிணையின் மேலுள்ள பாலத்தில் நின்று பார்த்தால், அடியிலிருந்து பொங்கி எழும் நீர் கண்ணாடிபோல் வழவழப்பான வட்டங்களாக விரிவதும், அவற்றின் ஓரங்களில் சுழல்கள் பிறந்து சில மீட்டர் நகர்ந்து மறைவதும் தெரியும். ஓட்டம் நிற்கும்போது அதே இடம் ஏரிபோல் அடங்கிவிடும். ஆனால் அந்த அமைதி நெடுநேரம் நீடிக்காது. ஆகவே வாயிலுக்கு முன்கூட்டியே வந்து காத்திருப்பதே நல்லது. பிந்தினால் அடுத்த வாய்ப்புக்கு 6 மணி நேரத்துக்கும் மேலாகும். குளிர்ந்த நீரில் தவறி விழுந்தவருக்கு முதல் நிமிடத்தில் மூச்சு தன்வசமின்றித் திணறும் என்பதால், துணிந்து பார்க்கும் இடமல்ல இது.

நீர் நிற்கும் நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்; சில நாட்களில் அது நள்ளிரவுக்குப் பின்னர் வரும். மற்ற கடற்கரைகளில் இருட்டில் குறுகிய வாயிலைக் கடக்க யாரும் விரும்பமாட்டார்கள். போடோவிலோ ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை முதல் வாரம் வரை சூரியன் மறைவதே இல்லை. அதிகாலை 2 மணிக்கும் பாறைகள் தெளிவாகத் தெரியும். ஆகவே இங்கே பயணத் திட்டத்தை அட்டவணையிலிருந்து பின்னோக்கி எழுதி, உறங்கும் நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.